‘நோ காம்’ என்று திரை சொன்னால்

விமானம் பழுது என்றால் எஞ்சின், சக்கரம், இறக்கை என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். புறப்படும் முன் எங்களைப் பாடாய்ப் படுத்தும் ஒரு கோளாறு இந்தப் பட்டியலிலேயே வராது. எஞ்சின் நன்றாக இருக்கும், எரிபொருள் ஏறிக்கொண்டிருக்கும், பயணிகள் உள்ளே வர ஆரம்பித்திருப்பார்கள். காக்பிட்டில் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே உள்ள சின்னத் திரையில் மட்டும் ‘நோ காம்’ என்று ஒரு வரி வந்து நிற்கும். தரைக்கும் விமானத்துக்கும் நடுவே எழுத்தாகச் செய்தி கொண்டுபோகும் டேட்டாலிங்க் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

நான் வலது இருக்கையில் உட்காருகிறவள், ஃபர்ஸ்ட் ஆபிசர், அதாவது துணை விமானி. முதலில் குறுந்தூர விமானங்களில் இருந்தேன், இப்போது கடல் தாண்டிப் போகும் பெரிய விமானங்களில். இரண்டிலும் இந்தக் கோளாறைப் பார்த்திருக்கிறேன். லிங்க் போனதால் மட்டும் விமானம் ஆபத்தில் மாட்டிக்கொள்வதில்லை. லிங்க் இருந்தால் எவ்வளவு நேரத்தில் கிளம்புவோமோ, அதே நேரத்துக்குள் எல்லாவற்றையும் கையால் செய்து முடிக்கப் பார்ப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

இந்த ஏற்பாட்டின் பழைய பெயர் ஏகார்ஸ். 1978-இல் வந்தது. அப்போது அதன் வேலை மிகவும் சிறியது. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு எப்போது நகர்ந்தது, எப்போது மேலே எழும்பியது, எப்போது இறங்கியது, எப்போது நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்தது என்ற நான்கு நேரங்களைத் தானாகவே அலுவலகத்துக்கு அனுப்புவது. கதவு, பார்க்கிங் பிரேக், சக்கரக் கால்களில் உள்ள சுவிட்சுகள் ஆகியவற்றைப் பார்த்து அதுவே கணித்துக்கொள்ளும். ஒரு துண்டுச் செய்தியில் 220 எழுத்துகள்தான், வேகம் நொடிக்கு 2,400 பிட். பின்னால் வந்த விடிஎல் மோட் 2 என்ற ரேடியோ முறை இதைவிடப் பல மடங்கு வேகம், 31.5 கிலோபிட். கடல் மேலே போகும்போது செயற்கைக்கோள் வழியாகவும் போகும்.

அந்தச் சிறிய குழாய் வழியாக இன்று என்னென்னவோ வருகிறது. புறப்பாட்டு கிளியரன்ஸ் (எந்தப் பாதையில், எந்த உயரத்துக்குப் போகலாம் என்று கட்டுப்பாட்டாளர் தரும் அனுமதி), விமான நிலைய வானிலை, விமானத்தின் எடைக் கணக்கான லோட்ஷீட், டேக்ஆஃப் கணக்கு, போகும் பாதை, வழியெங்கும் வீசும் காற்றின் அளவு எல்லாமே. பாதையும் காற்றும் நேராக, விமானத்துக்கு வழிகாட்டும் எஃப்எம்எஸ் கணினிக்குள் வந்து உட்காரும். நாங்கள் சரிபார்த்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பலர் இதைத் தவிர வேறு முறையைச் சிமுலேட்டரில்கூட அதிகம் பார்த்ததில்லை. இது அவர்கள் குறை இல்லை. நாங்கள் பயிற்சி தரும் விதம் அப்படி.

சரி, வரி வந்துவிட்டது. முதலில் என்ன பார்ப்பது?

விமானத்தில் மூன்று விஎச்எஃப் ரேடியோக்கள் இருக்கும். மூன்றாவதுதான் வழக்கமாக டேட்டாவுக்கு. முந்தைய பயணத்தில் வந்தவர்களோ, இரவில் வேலை பார்த்த எஞ்சினியரோ ஏதோ தேவைக்காக அதைப் பேச்சுக்கு மாற்றியிருப்பார்கள், திரும்ப மாற்றியிருக்க மாட்டார்கள். நான் முதலில் கண்ணை ஓட்டுவது அங்கேதான். அது ‘டேட்டா’வில் இல்லை என்றால் அதை மாற்றியதுமே பெரும்பாலும் கதை முடிந்துவிடும். அடுத்து, நாம் தட்டிய விமான எண். ஃப்ளைட் பிளானில் ஒரு எண்ணும் இங்கே வேறு எண்ணும் இருந்தால் லிங்க் உயிரோடு இருந்தும் பயனில்லை. கட்டுப்பாட்டு மையத்தின் கணினி, விமான எண்ணையும் பதிவெண்ணையும் தன்னிடம் உள்ள பிளானோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் லாக்ஆனை, அதாவது மையத்தோடு எழுத்துத் தொடர்பைத் தொடங்க நாம் அனுப்பும் கோரிக்கையை, நிராகரித்துவிடும். சுழியத்துக்குப் பதில் ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தட்டினால்கூடப் போதும், ஏற்காது.

மூன்றாவது கேள்வி, கோளாறு நம்மிடமா, வெளியிலா? இதற்குப் பக்கத்தில் நிற்கும் எங்கள் நிறுவனத்தின் இன்னொரு விமானத்தைக் கம்பெனி அலைவரிசையில் கேட்டால் போதும். “உங்களுக்கு லோட்ஷீட் வந்துவிட்டதா?” அவர்களுக்கும் வரவில்லை என்றால் நம் விமானத்தில் எதையும் கிளறுவதில் அர்த்தமில்லை, தரையில் ஏதோ நின்றுபோயிருக்கிறது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் சர்க்யூட் பிரேக்கரைப் பார்த்துக்கொண்டு நேரம் போக்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரீசெட் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. புத்தகம் எதை, எத்தனை முறை அனுமதிக்கிறதோ அதை மட்டும், எஞ்சினியருக்குச் சொல்லிவிட்டு, ஒரு நேர வரம்பு வைத்துக்கொண்டு செய்யலாம். ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம். அதற்கு மேல் லிங்க் வராது என்று முடிவு செய்து அடுத்த வேலைக்குப் போய்விட வேண்டும். ‘இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும்’ என்று காத்திருந்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் பேனாவை எடுப்பதுதான் மிக மோசம்.

லிங்க் இல்லாமல் பறக்கலாமா என்பதை நாங்களாக முடிவு செய்துகொள்ள முடியாது. எம்இஎல் என்ற பட்டியல் இருக்கிறது. எந்தெந்தக் கருவி பழுதாக இருக்கும்போது, என்ன நிபந்தனையோடு, எத்தனை நாள் பறக்கலாம் என்று அது சொல்லும். பி பிரிவு என்றால் 3 நாள், சி என்றால் 10 நாள், டி என்றால் 120 நாள், பழுது பதிவான நாளைக் கணக்கில் சேர்க்காமல். எஞ்சினியர் லாக்புக்கில் எழுதி, ஒட்ட வேண்டிய ஸ்டிக்கரை ஒட்டி, கேப்டன் ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கும் நேரம் பிடிக்கும். விமானம் சொந்த பலத்தில் நகரத் தொடங்கிவிட்டால் கணக்கு வேறு, அதற்குப் பிறகு கோளாறைக் கையாளும் முறையும் வேறு. அதனால்தான் ‘புறப்படும் முன்’ என்பது இந்த விஷயத்தில் இத்தனை முக்கியம்.

பெரிய கடல் தாண்டும் பயணமாக இருந்தால் எம்இஎல் ‘போகலாம்’ என்று சொன்னாலும் பிரச்சினை தீராது. வட அட்லாண்டிக்கின் பெரும்பகுதியில் 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையே பறக்க டேட்டாலிங்க் கட்டாயம். அங்கே ரேடார் எட்டாத இடங்களில் விமானம் தன் இருப்பிடத்தைத் தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும், கட்டுப்பாட்டாளர் எழுத்தில் உத்தரவு தருவார். அந்த நம்பிக்கையில்தான் விமானங்களை நெருக்கமாக அடுக்குகிறார்கள். புறப்படும் முன்பே லிங்க் இல்லை என்று தெரிந்தால் அந்த அடுக்குக்கு வெளியே போகும்படி ஃப்ளைட் பிளானைத் திருத்தித் திரும்ப அனுப்ப வேண்டும். பறக்கும்போது பழுதானால் கட்டுப்பாட்டாளரிடம் சொல்லி, நெரிசலைப் பொறுத்து அவர் அனுமதித்தால் அதே உயரத்தில் தொடரலாம். தரையில் இருக்கும்போதே தெரிந்துவிட்டால் அந்தச் சலுகையை எதிர்பார்த்துக் கிளம்பக் கூடாது.

29,000 அடிக்குக் கீழே என்றால் ஜெட் எஞ்சின் எரிபொருளை அதிகம் குடிக்கும். காற்றும் வேறு. தரையில் பயணத் திட்டம் போடும் டிஸ்பேட்சர் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். சில நேரம் சரக்கை இறக்க வேண்டி வரும், சில நேரம் கடலையே சுற்றிக்கொண்டு வேறு வழியில் போக வேண்டி வரும். இதற்கு நடுவே எங்கள் பணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வரம்பை மீறினால் எந்தப் பிளானும் உதவாது. ஃப்ளைட் பிளானின் 10-ஆம் பகுதியில் உள்ள குறியீடுகளையும் மாற்ற வேண்டும். செயற்கைக்கோள் டேட்டாவுக்கு ஜே 5, ஜே 7 என்றெல்லாம் அங்கே எழுதியிருக்கும். மாற்றாமல் விட்டால் வழியில் உள்ள மையங்கள் நாம் லாக்ஆன் செய்வோம் என்று எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். டிஸ்பேட்சர் மாற்றிவிட்டாரா என்று நான் வாய்விட்டுக் கேட்டுவிடுவேன். மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொண்டதில்லை.

இனி கிளியரன்ஸ். எழுத்தில் வந்தால் படித்து, ஒப்புக்கொண்டு, திரும்ப எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். பேச்சில் வந்தால் காதில் விழும் அந்த ஒரு முறைதான். போகும் இடம், பாதை, ஏற வேண்டிய உயரம், அடுத்த அலைவரிசை, ரேடார் திரையில் நம்மை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பாண்டர் குறியீடு என்று ஒரு வரிசையில்தான் கட்டுப்பாட்டாளர் சொல்லுவார். அதே வரிசையில் காலி இடம் விட்டுத் தாளில் முன்பே கோடு போட்டு வைத்துக்கொள்வேன். ட்ரான்ஸ்பாண்டர் குறியீட்டின் நான்கு இலக்கங்களில் 8-உம் 9-உம் வரவே வராது. தாளில் 8 இருந்தால் காது தவறாகக் கேட்டிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். பாதையிலோ உயரத்திலோ அப்படித் தானாகக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் கிடையாது. அதனால் இரண்டு பேரும் கேட்க வேண்டும். ஒருவர் கேட்க, இன்னொருவர் எரிபொருள் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் அது ஒரே காதுதான். நான் திரும்பச் சொல்லி முடித்து, கட்டுப்பாட்டாளர் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் அது கிளியரன்ஸ்.

அன்றைக்கு ஒரு அதிகாலைப் புறப்பாடு. கேப்டனும் தமிழர், நிதானமான மனிதர். லிங்க் போய்விட்டது, கிளியரன்ஸ் அலைவரிசையில் ஒரே கூட்டம். “கேப்டன், எப்படியும் வாய்ஸில்தான் எடுக்கணும். பாதையும் கையால் போடணும். நேரத்தை இப்பவே தள்ளிடலாமா?” என்று கேட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “தள்ளிடும்மா. அரை மணி கேட்டுடு. சீக்கிரம் முடிஞ்சா சீக்கிரம் போவோம்” என்றார். அப்புறம் தலைமை கேபின் பணியாளரை உள்ளே கூப்பிட்டு நிலைமையைச் சொன்னார். பயணிகளிடமும் அவரே மைக்கில் பேசினார். தரையோடு செய்தி பரிமாறும் கருவி வேலை செய்யவில்லை, அந்த வேலைகளைக் கையால் செய்து இருமுறை சரிபார்க்கிறோம், அதற்கு அரை மணி நேரம் ஆகும் என்று நேராகச் சொன்னார். ‘தொழில்நுட்பக் காரணம்’ என்று மூடி மறைக்கவில்லை. அதற்குப் பிறகு காக்பிட்டில் இருந்த அமைதியை நான் இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. வேலை மட்டும் நடந்தது.

ஐரோப்பாவில் புறப்பாட்டு நேரம் ஒதுக்கினால் அந்த நேரத்துக்கு 5 நிமிடம் முன்னும் 10 நிமிடம் பின்னும்தான் ஜன்னல் திறந்திருக்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த நேரம் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதற்காக ஓடிப் பிடிக்கப் பார்ப்பதைவிட, முன்கூட்டியே சொல்லிப் புது நேரம் வாங்கிக்கொள்வது நல்லது. தாமதத்தை முதலில் சொல்கிறவர்தான் குற்றவாளி என்ற எண்ணம் சில இடங்களில் இருக்கிறது. அது ஒழிய வேண்டும்.

பாதையைக் கையால் போடுவதில் கடினம் அவ்வளவாக இல்லை, அலுப்புதான் அதிகம். வழக்கமான தடங்கள் கணினியின் தரவுத்தளத்திலேயே பெயரோடு இருக்கும், கூப்பிட்டால் வந்துவிடும். புதிதாகத் திருத்திய கடல் பாதை அப்படி வராது. அட்சரேகை, தீர்க்கரேகை என்று இலக்கம் இலக்கமாகத் தட்ட வேண்டும். இலக்கம் ஒன்று பிசகினால் விமானம் பணிவோடு தவறான இடத்துக்குப் போகும். அதனால் தட்டி முடித்ததும் ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே உள்ள திசையையும் தூரத்தையும் தாளில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். ஒருவர் தட்ட, மற்றவர் திரையிலிருந்து படிக்க வேண்டும். தட்டியவரே படித்தால் தான் நினைத்ததைத்தான் படிப்பார். காற்றையும் அப்படியே போட வேண்டும். வழியில் சில புள்ளிகளுக்காவது, சில உயரங்களுக்காவது. சோம்பலில் விட்டுவிட்டால் எஃப்எம்எஸ் காட்டும் மீதி எரிபொருளும் போய்ச்சேரும் நேரமும் நம்பும்படி இருக்காது.

லோட்ஷீட்டும் டேக்ஆஃப் கணக்கும்தான் எனக்கு உண்மையாகவே பயம் தருபவை. லிங்க் இல்லாவிட்டால் லோட்ஷீட் தாளாக வரும், அல்லது ரேடியோவில் யாரோ எண்களைப் படிப்பார்கள். அந்த எண்கள் டேப்லெட்டிலும் எஃப்எம்எஸ்ஸிலும் கை வழியாகத்தான் ஏறும். 2009 மார்ச் 20 அன்று மெல்பர்னில் ஓர் ஏர்பஸ் ஏ340-500 விமானத்துக்கு டேக்ஆஃப் கணக்கில் 362.9 டன் என்பதற்குப் பதில் 262.9 டன் என்று பதிந்துவிட்டார்கள். ஒரே ஒரு இலக்கம். 100 டன் குறைவாகக் கணக்குப் போட்ட கணினி, குறைந்த உந்துவிசையும் குறைந்த வேகமும் போதும் என்று சொன்னது. வால் ரன்வேயில் உரசி, ரன்வே முடியும் இடத்தையும் தாண்டி, அங்கிருந்த கருவிகளில் இடித்துக்கொண்டுதான் விமானம் மேலே எழும்பியது. 275 பேரும் உயிரோடு திரும்பி இறங்கினார்கள். அன்று காரணம் டேட்டாலிங்க் பழுது இல்லை. ஆனால் கையால் எண்ணைப் பதியும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு இலக்கம் எனக்கு ஞாபகம் வரும்.

அதனால் என் வழக்கம் இது. எண்ணை முழு எண்ணாகப் படிக்க விடமாட்டேன், இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்வேன். எரிபொருள் இல்லாத எடையோடு எரிபொருளைக் கூட்டினால் டேக்ஆஃப் எடை வருகிறதா என்று தாளில் கூட்டிப் பார்ப்பேன். காலையில் டிஸ்பேட்ச் தந்த உத்தேச எடைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டு பேரும் தனித்தனி டேப்லெட்டில் கணக்குப் போட்டு, அதற்குப் பிறகுதான் விடையைக் காட்டிக்கொள்வோம். முதலில் பார்த்துவிட்டால் மனம் அந்த விடையை நோக்கியே ஓடும். கடைசியாக, இந்த எடைக்கு இந்த வேகம் பொருத்தமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ரக விமானத்தைத் தொடர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு அந்த வேகங்கள் மனதில் பதிந்திருக்கும். மனம் உறுத்தினால் மறுபடி முதலிலிருந்து.

தரையில் உள்ள தகவல் வலையமைப்பே நின்றுபோகும் நாள் இன்னும் கடினம். எல்லா விமானங்களும் ஒரே நேரத்தில் கிளியரன்ஸ் அலைவரிசைக்கு வரும், ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் விழுவார். 2019 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவில் எடை, சமநிலைக் கணக்குகளைத் தரும் ஒரு சேவையின் கணினி கொஞ்ச நேரம் நின்றது. அதை நம்பியிருந்த பல விமான நிறுவனங்களின் புறப்பாடுகள் நாடு முழுக்கத் தாமதமாயின. விமானங்கள் நன்றாகத்தான் இருந்தன. எண்கள்தான் வரவில்லை. இப்படிப்பட்ட நாளில் நாம் செய்யக்கூடிய உதவி, அலைவரிசையில் சுருக்கமாகப் பேசுவது. தாள், பேனா, திறந்த வரைபடம் எல்லாம் தயாரான பிறகுதான் மைக்கை அழுத்த வேண்டும். கட்டுப்பாட்டாளரும் அன்று நம்மைப் போலவே திணறிக்கொண்டிருப்பார்.

கிளம்பிய பிறகும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கும். ஏகார்ஸ் தானாக அனுப்பும் அந்த நான்கு நேரங்களையும் கையால் குறித்து வைக்க வேண்டும். போகும் இடத்து வானிலையை, விமானங்களுக்காக வானிலையைப் படிக்கும் வால்மெட் ஒலிபரப்பில் காது கொடுத்துக் கேட்டு எழுத வேண்டும். கடல் மேலே இருப்பிடத்தைத் தொலைதூரம் எட்டும் எச்எஃப் ரேடியோவில் சொல்ல வேண்டும், அதற்கு முன் தரையிலிருந்து நம்மைக் கூப்பிடும் செல்கால் மணி அடிக்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். எச்எஃப் இரைச்சலில் பொறுமையாகப் பேசும் ரேடியோ ஆபரேட்டர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. கடல் மேலே 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது விமானத்தின் இருப்பிடம் நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும் என்பது 2018 நவம்பர் முதல் சர்வதேச விதி. லிங்க் இல்லாவிட்டால் அதை எந்த வழியில் செய்யப் போகிறோம் என்று டிஸ்பேட்சோடு கிளம்பும் முன்பே பேசி முடித்துக்கொள்வது நல்லது.

பயிற்சித் துறையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். சிமுலேட்டரில் டேக்ஆஃபில் எஞ்சின் போவதைப் பழக்குகிறீர்கள், அது வேண்டும். ஒரே ஒரு முறை, நிறுத்துமிடத்தில் நிற்கும்போதே லிங்க்கை அணைத்துவிட்டு, கிளியரன்ஸிலிருந்து லோட்ஷீட் வரை எல்லாவற்றையும் கையால் செய்யச் சொல்லுங்கள். கடிகாரத்தைக் காட்டி அவசரப்படுத்துங்கள். யார் ‘எங்களுக்கு இன்னும் நேரம் வேண்டும்’ என்று கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

இளைய ஃபர்ஸ்ட் ஆபிசர்களுக்கு ஒன்று. இறங்கிய பிறகு லாக்புக்கில் ‘ஏகார்ஸ் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எத்தனை மணிக்குப் போனது, விஎச்எஃப் மட்டுமா செயற்கைக்கோளும் சேர்த்தா, திரையில் என்ன வரி வந்தது, எந்த ரீசெட் செய்தீர்கள், பக்கத்து விமானத்துக்கு லிங்க் இருந்ததா, வழியில் எங்காவது ஒரு நிமிடமாவது திரும்ப வந்ததா, இவ்வளவையும் எழுதுங்கள். இரவில் அதைப் படிக்கும் எஞ்சினியர் ஆன்டெனாவைப் பார்ப்பதா, கணினிப் பெட்டியை மாற்றுவதா என்று அந்த நாலு வரியை வைத்துத்தான் முடிவு செய்வார்.